நீலப் படகு ஏன் நின்றது

திகனவிலிருந்து விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் றோட்டில், கடைசி வளைவுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கம்பியில் தொங்கும் பழைய படகு எஞ்சின் விசிறிதான் அடையாளம். உள்ளே யசோதினி இருப்பாள். முப்பத்தெட்டு வயது. படகுகளின் எஞ்சினுக்குப் பெற்றோல் போகும் வழியையும் மின்சாரம் போகும் வழியையும் பழுது பார்ப்பது அவள் தொழில். கரையில் படகு ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஏனக்கா'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் இப்போது முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பெயர் காரணத்தோடுதான் வந்தது. ஒரு வயர் அறுந்திருந்தால் மற்றவர்கள் ஒட்டிவிட்டுக் காசு வாங்குவார்கள். இவள் ஏன் அறுந்தது என்று கேட்பாள். எலி கடித்தது என்றால் எலி ஏன் படகுக்கு வந்தது என்று கேட்பாள். இருக்கைக்கு அடியில் மீன் இரைக்குப் பாண் துண்டு வைத்திருந்தது தெரியும்வரை வயரைத் தொட மாட்டாள். அவசரத்தில் வந்தவருக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதே வயர் மறுபடி அறுந்து அவர் திரும்பி வந்ததில்லை என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து நீளமான தூண்டில்களோடு ஆட்கள் வருவார்கள். பணம் கட்டிப் படகில் போய், மீனைப் பிடித்து, அதோடு படம் எடுத்து, பிறகு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அது ஏன் என்பது மட்டும் யசோதினிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்படிப்பட்ட படகில் எஞ்சின் இருக்கும், பற்றரி இருக்கும், தண்ணீருக்கடியில் மீன் எங்கே என்று காட்டும் திரை இருக்கும், உள்ளே ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் இருக்கும். பெற்றோலும் மின்சாரமும் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிற இடம் அது. இரண்டுக்கும் நடுவில் நின்று சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

இந்த வேலைக்கு அவள் திட்டம் போட்டு வரவில்லை. ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் மின்தொழில் படித்து, கட்டுகஸ்தோட்டையில் எரிந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடையொன்றில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தாள். அரைக்கும் மெஷின் மோட்டார், தண்ணீர் மோட்டார் என்று வந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான ஒரு மோட்டார் வந்தது. எஞ்சினைக் கிளப்புகிற மோட்டார். அதில் துருவும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், பாசி பிடித்திருந்தது. மோட்டாரில் ஏன் பாசி என்று அவள் கேட்டாள். கொண்டுவந்தவர் திகனக்காரர், ஹபீல். "இது போட் மோட்டர், தங்கச்சி" என்றார். அவள் சுற்றிக் கொடுத்தாள். ஆனால் அது எங்கே போய் உட்காரும், எதைச் சுழற்றும் என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் திகனவுக்குப் போய்விட்டாள். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டிய ஹபீல், அன்று மாலைவரை அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல், "நீங்களே இங்க வந்து கடயப் போடுங்களன்" என்று அலுப்பில் சொன்னார். ஆறு மாதத்தில் கடை வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் போகும்போது ஒன்பது வருடமும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே மகாவலியைக் கடந்தவள். அதே மகாவலிதான் இங்கே அகலமாகத் தேங்கிக் கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவரச் சொல்வாள், வாசலில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓடவிடுவாள். கயிற்றில் கட்டியிருக்கும் படகில் முழங்கால் தண்ணீர்வரை போய் வயர் இழுத்துக் கொடுப்பாள். கயிற்றை அவிழ்த்த படகில் அவள் ஏறியதே இல்லை. நீச்சல் தெரியாத தையல்காரி நீச்சலுடை தைப்பதில்லையா என்று கணவன் மோகனராஜ் கேலி செய்வான்.

ஹபீலிடம் மூன்று படகுகள் இருந்தன. அதில் நீலப் படகை ஓட்டுபவர் செல்லப்பா. ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசாத மனிதர். அவரும் தோட்டத்து ஆள்தான். முஸ்லிமான ஹபீலை 'நானா' என்று கூப்பிடும் யசோதினி, இவரை அண்ணே என்பாள். அவர் இடுப்பில், கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கும். அது அவளுடைய கடைக்கு எதிர்ப்பக்கமிருந்த, ஹபீல் பெற்றோல் வைக்கும் சிறு அறையின் சாவி. ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்று நாள் கழித்த அந்தக் கெட்ட வருடத்தில், தன் சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுக்காமல் அதை ஹபீல் இவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கயிறு அவர் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று மற்ற ஓட்டிகள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

நவராத்திரி முடிந்து இரண்டாவது வாரம் நீலப் படகு நிற்க ஆரம்பித்தது. கரையிலிருந்து நன்றாகப் போகும். நடுத் தண்ணீரில் எஞ்சின் முனகி, மூச்சு முட்டி, நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பும். பிறகு மறுபடி நிற்கும்.

"கொழும்பு ஆக்கள் அர மணித்தியாலம் வெயில்ல காஞ்சி ஈக்கிறாங்க தங்கச்சி. என்னெண்டு பாருங்க" என்று ஹபீல் எஞ்சினை முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பினார்.

யசோதினி முதலில் மின்சாரத்தைப் பிடித்தாள். ஓட்டி தண்ணீரில் விழுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச் ஒன்று உண்டு, அதை மாற்றினாள். கரைக்குப் போய்ப் பற்றரிக்குப் பின்னால் பார்த்தபோது யாரோ முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்பொன்று பச்சை பூத்துக் கிடந்தது. பெற்றோல் ஆவி உலவும் இடத்தில் இப்படி ஒரு இணைப்பா என்று முன்பின் தெரியாத அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வெட்டி எறிந்து, ஈயம் உருக்கிப் பிடித்து, மேலே உறை போட்டாள். எஞ்சினைக் கடைப் பீப்பாயில் இறக்கி, கடையிலேயே கிடந்த வேறொரு பெற்றோல் டாங்கியை மாட்டி, கால் மணித்தியாலம் ஓடவிட்டாள். பட்டுப்போல் ஓடியது. படகுக்குப் போனதும் அன்றைக்கே நின்றது.

இரண்டாவது தடவை எஞ்சின் வந்தபோது பெற்றோல் வந்து சேரும் கிண்ணத்தைத் திறந்தாள். அடியில் மூன்று சொட்டுத் தண்ணீர். மழைக்காலத்தில் எந்த எஞ்சினைத் திறந்தாலும் அவ்வளவு இருக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று ஹபீல் வாசலில் நின்றார், கூடவே இரண்டு ஓட்டிகளும் தேநீர்க் கடைக்காரரும் நின்றார்கள். எல்லோரும் ஏனக்காவின் வாயைப் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தில் அவள்மீது எனக்குக் கோபம்தான். ஊரெல்லாம் ஏன் என்று கேட்டுத் திரிந்தவள், தன்னிடம் கேட்டபோது கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"பெற்றோல்ல தண்ணி கலந்திருக்கு நானா."

பெற்றோல் அறையைத் திறப்பவர் ஒருவர்தான். அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதைக் கணக்குப் போட்டு முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எடுத்து விற்றுவிட்டு, குறைந்ததைத் தண்ணீரால் நிரப்பியிருக்கிறார் என்பதாகத் தேநீர்க் கடையில் அன்று மாலையே பேச்சு முழுதாகிவிட்டது. வியாழக்கிழமை, கரையில் எல்லோர் முன்னாலும், "இந்தக் கிழமையோட போதும் செல்லப்பா" என்று வார முடிவோடு நின்றுகொள்ளும்படி ஹபீல் சொல்லிவிட்டார். செல்லப்பா ஏன் என்று கேட்கவில்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எஞ்சினைத் துடைக்கப் போனார்.

செய்தி கடைக்கு வந்தபோது யசோதினி கையிலிருந்த ஈயக்கோலைக் கீழே வைத்தாள். மூன்று சொட்டு. அது எஞ்சினை இருமவைக்கும், நிறுத்தாது. நிறுத்தினாலும் கரையிலும் நிறுத்த வேண்டும், நடுவிலும் நிறுத்த வேண்டும். இது மட்டும் ஏன் நன்றாக ஓடி, நன்றாக ஓடி, பிறகு நிற்கிறது? அதைவிடப் பெரிய கேள்வி, நின்றது ஏன் மறுபடி கிளம்புகிறது? அவள் வெட்கத்தோடு எழுந்து ஹபீலின் வீட்டுக்கு நடந்தாள்.

"நானா, ஒரு நாள் பொறுங்க. நான் சொன்னது அவசரப்பட்டு சொன்னது. நாளைக்கு நானே போட்ல போய் பாக்குறேன்."

"நீங்களா? தண்ணிக்கா?"

"ஆமா நானா. செல்லப்பா அண்ணேதான் ஓட்டணும்."

ஹபீல் சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவள் மிதவை அங்கியை மாட்டி, அதன் கயிற்றை இரண்டு தடவை இறுக்கிக் கட்டி, நீலப் படகின் நடுப் பலகையில் உட்கார்ந்தாள். செல்லப்பா கயிற்றை அவிழ்த்தார். கரை நகர்ந்தது. பலகையை அவள் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. செல்லப்பா அதைக் கண்டும் காணாததுபோல் வேகத்தைக் குறைத்தார். தன் வேலையைப் பறித்த வார்த்தையைச் சொன்னவளுக்காக அவர் அதைச் செய்தார் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் எஞ்சின் சத்தம் காதில் விழுந்ததும் பயம் மெல்ல ஒதுங்கி, வழக்கமான ஆவல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம். பதினைந்து. டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் கையால் அமுக்குகிற ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருபதாவது நிமிடத்தில் உருண்டை கன்னம் ஒட்டிப்போனவர்போல் உள்ளே சுருங்க ஆரம்பித்தது. இருபத்தாறாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது.

செல்லப்பாவின் கை உடனே டாங்கி மூடிக்குப் போனது.

"அண்ணே, தொடாதீங்க. எதுக்கு மூடிய தொறக்குறீங்க?"

"பெற்றோல் எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான்."

"ஒவ்வொரு தடவையும் பாப்பீங்களா?"

"நின்னா மொதல்ல அதத்தானே பாக்கணும்."

"இப்ப வேணாம். சும்மா கிளப்பிப் பாருங்க."

அவர் கிளப்பினார். கிளம்பவில்லை. ஐந்து நிமிடம் விட்டுக் கிளப்பினார். கிளம்பவில்லை. சுற்றிலும் தண்ணீர், தூரத்தில் ஒரு நீர்க்காகம், இவர்கள் இருவர். யசோதினிக்கு இப்போது தண்ணீரின் ஞாபகமே இல்லை.

"சரி, இப்ப தொறங்க. மெதுவா."

மூடி அரைச் சுற்றுத் திரும்பியதும் டாங்கி பெரிதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. இருவருக்கும் கேட்டது. சுருங்கிக் கிடந்த உருண்டை உப்பி எழுந்தது. செல்லப்பா கிளப்பினார், முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

பெற்றோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஒரு திருகு உண்டு, திருகின் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. திருகு திறந்துதான் இருந்தது. அதை அவளும் கரையில் பார்த்திருந்தாள். துளையைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் வாங்கி, கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துத் துளைக்குள் விட்டாள். மஞ்சளாக, காய்ந்து கெட்டியான ஒரு பொடி வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். பெற்றோல் வாடையையும் மீறி அது மணத்தது.

சந்தனம்.

ஆயுத பூசையன்று யசோதினியின் கடையில் பொட்டு வாங்காத பொருள் இருக்காது. ஈயக்கோல், மீற்றர், துளை போடும் மெஷின், பீப்பாய் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பாள். பழுதுக்கு வந்து கிடக்கும் மற்றவர் பொருளுக்கும் வைப்பாள், அன்றைக்கு அதுவும் வீட்டுப் பொருள்தான் என்பது அவள் கணக்கு. இந்த வருடம் நீலப் படகின் டாங்கி, குழாய் வெடித்துப் புதிதாக மாட்டுவதற்காக அன்று கடையில்தான் இருந்தது. டாங்கிக்கு நெற்றி எது என்று ஒரு கணம் யோசித்து, மூடியின் நடுத் திருகில் வைத்தது அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. நிறையவே குழைத்து, பெருவிரலால் அழுத்தி வைத்திருந்தாள்.

செல்லப்பாவும் அந்த வாசனை தெரியாதவர் இல்லை. ஊசியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அக்கரையைப் பார்த்தார். அவள் தூசி என்று சொல்லியிருக்கலாம். குளவி கூடு கட்டியிருந்தது என்றும் சொல்லியிருக்கலாம், படகு மூடிகளில் அது நடப்பதுதான். ஊசியைத் தண்ணீரில் அலம்பினால் முடிந்தது. அவர் காட்டிக்கொடுக்கிற ஆளும் இல்லை. அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அலம்பாமல் ஊசியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள்.

"கரைக்கு விடுங்கண்ணே" என்றாள்.

கரையில் ஹபீல் நின்றார். மற்ற ஓட்டிகள் இரண்டு பேரும் தேநீர்க் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அன்று கேட்ட அதே ஆட்கள். யசோதினி இறங்கியதும் இறங்காததுமாகக் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள்.

"பெற்றோல்ல ஒண்ணும் இல்ல நானா. மூடியில காத்துப் போற ஓட்ட அடைச்சுப் போச்சு. அடைச்சது நான்தான். பூசைக்கு வச்ச சந்தனம். அன்னிக்கு எனக்கு காரணம் தெரியல, தெரியலன்னு சொல்லாம தண்ணின்னு சொல்லிட்டேன். செல்லப்பா அண்ணே மேல ஒரு தப்பும் இல்ல."

ஹபீல் மஞ்சள் பொடியைக் குனிந்து பார்த்தார். காதுவரை சிவந்துபோனார்.

"நீங்க மட்டும் இல்ல தங்கச்சி. பொட்டோட ஈக்கிற சாமான போட்ல வெக்க எனக்கு ஒரு மாதிரி ஈந்திச்சி. உங்களுக்கிட்ட செல்லவும் மனசு வரல்ல. கரையில வெச்சி ஈரத் துணியால நல்லா அமத்தித் தொடச்சேன். நான்தான் உள்ளுக்குத் தள்ளி ஈக்கேன்."

வைத்தவளும் சொல்லவில்லை, துடைத்தவரும் சொல்லவில்லை. ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று அவ்வளவு பக்குவமாக நடந்திருக்கிறார்கள். அந்தப் பக்குவத்தின் பாரமெல்லாம் மூன்றாவது மனிதர் தலையில் போய் இறங்கியிருந்தது.

"வாற கிழமையும் எப்பவும் போல வாங்க செல்லப்பா. நான் பிழையா நெனச்சிட்டேன்" என்று ஹபீல் எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

"வர்றேங்க" என்றார் செல்லப்பா. சொல்லிவிட்டு இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். சாவியைக் கழற்றி, ஹபீலிடம் நீட்டாமல் யசோதினியிடம் நீட்டினார்.

"போட் ஓட்டுறேன். இது வேணாம். தங்கச்சி, உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க அளந்து குடுங்க."

ஹபீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செல்லப்பா கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கையை மட்டும் மடக்கவில்லை. யசோதினி வாங்கிக்கொண்டாள். ஒரு பொருளை வாங்கும்போது அவ்வளவு வலித்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அதன்பிறகு படகு போகும் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்குச் செல்லப்பா பெற்றோல் கானோடு வாசலில் நிற்பார். அவள் எதிர்ப்பக்க அறையைத் திறந்து, அளவுக் குவளையால் ஐந்து லீட்டர் அளந்து ஊற்றுவாள். அவர் குவளையின் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். நிறைந்ததும், "சரி தங்கச்சி" என்பார். மழை, வெயில், பிள்ளைகளின் பரீட்சை என்று அவள் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார். சாவியைப் பற்றி மட்டும் பேச்சு எழவில்லை. அவள் டாங்கி மூடிகளையெல்லாம் மாதம் ஒரு தடவை ஊசி விட்டுப் பார்க்கத் தொடங்கினாள். கயிற்றை அவிழ்த்த படகிலும் இப்போது ஏறுகிறாள், எஞ்சின் ஓடும்போதுதான் அதன் குறை தெரியும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறாள். யாராவது பழுதைக் காட்டி என்ன காரணம் என்று கேட்டால், "இன்னும் தெரியலீங்க" என்கிறாள். முதலில் கேட்டவர்கள் திகைத்தார்கள். பிறகு பழகிவிட்டது.

மறு வருடமும் ஆயுத பூசை வந்தது. ஹபீலின் பொருள் எதுவும் கடையில் இல்லாதபடி முதல் நாளே அனுப்பிவிட்டாள். தன்னுடையவற்றுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்தபோது ஆணியில் தொங்கிய சாவி கண்ணில் பட்டது. அதை எடுத்து, அதன் தலைப்பக்கத்தில் கடுகளவு சந்தனம் வைத்தாள்.

அடுத்த நாள் செல்லப்பா கானோடு வந்தபோது அவள் எழுந்து போய்த் திறக்கவில்லை. பொட்டு வைத்த சாவியை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"இதுல ஓட்ட ஒண்ணும் அடையலியே?" என்றார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி. யசோதினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் றோட்டைக் கடந்து போய்த் தானே அறையைத் திறந்து, தானே கானை நிரப்பி, பூட்டிவிட்டு வந்தார். கானை அவள் மேசைக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் அளவுக் குவளையையும் வைத்தார்.

"அளந்து பாருங்க."

"வேணாம்ண்ணே."

"இல்ல, பாருங்க."

அவள் அளக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். சரியாக ஐந்து லீட்டர் இருந்தது.